முதல் அடி எடுத்துக் கொடுப்பவள்

தைராய்டு ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடுமா என்று எங்கள் ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். மஸ்கட்டில் காலமெல்லாம் ஏசி ரிப்பேர் பார்த்தவன் நான். கழுத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? போன வாரம்கூட ஒரு தம்பதி வந்து, ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதுல பேடிக்க என்னமும் இருக்கா அண்ணே?" என்று பயந்துபோய்க் கேட்டார்கள். எனக்கு அந்தப் படத்தில் தலை எது வால் எது என்றே தெரியவில்லை. சாயா போட்டுக் கொடுத்து, என் மனைவி செலினுக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கிளம்பும்போது அந்தப் பெண், "இதையெல்லாம் எழுதி வையுங்க அண்ணே, நாலு பேருக்கு ஒதவும்" என்றாள். எழுத உட்கார்ந்துவிட்டேன். செலினைப் பற்றிப் பேச ஒரு சாக்கு கிடைத்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊர். செலின்தான் எங்கள் கோவில் பாடகர் குழுவின் தலைவி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடுவதற்கு எல்லா ஊரிலும் ஆள் உண்டு. எங்கள் ஊரில் அதற்கு மேலும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு என்றால், பெட்டியை மூடுவதற்கு முன்னால் பாடகர் குழு வந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். அந்தக் காலத்து உபதேசியார் ஒருவர் கட்டிய பாட்டு; எந்தப் புத்தகத்திலும் கிடையாது. "கரை வந்து சேர்ந்தேன், கயிறு பிடியும் ஆண்டவரே" என்று ஆரம்பிக்கும். வள்ளம் கரைக்கு வரும்போது உள்ளே இருப்பவன் கயிற்றை வீசுவான், கரையில் நிற்பவன் பிடித்து இழுப்பான். தினம் பார்க்கிற அந்தக் காட்சியையே அந்த மனுஷன் பாட்டாக்கியிருந்தார்.

அந்தப் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. ஒருவர் தனியாக முதல் அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்த முதல் அடி செலினுடையது. கோவில் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் செத்தாலும் அவள் போவாள். அவளைத் தெருவில் வைத்து ஏசினவள் செத்தாலும் போவாள். லீவில் வந்த நான் இலையில் பாதிச் சோற்றோடு உட்கார்ந்திருப்பேன். கோவிலில் துக்க மணி அடிக்கும். அவள் கையைக் கழுவிக்கொண்டு முந்தானையைத் தலையில் போட்டுவிடுவாள்.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன். உனக்குச் செத்தவன்தான் பெருசா பிள்ளே?" என்று கத்துவேன்.

"நீங்க நாளைக்கும் இருப்பிய. அவரு இருக்க மாட்டாரு. இஞ்ச பாருங்க, அயிலக் கறி சட்டியில மூடி வச்சிருக்கேன், எடுத்து ஊத்திக்கிடுங்க" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிவிடுவாள்.

நான் கடல் தாண்டிக் கிடந்தபோது இரண்டு பிள்ளைகளை வளர்த்தது அவள். படுக்கையில் விழுந்த என் அம்மாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியது அவள். ஊரில் எந்தப் பெண்பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் பலகாரம் சுட முதல் ஆளாய்ப் போய் உட்காருவதும் அவள்தான். இத்தனைக்கும் நடுவில் புதன்கிழமை ஜெபமாலை முடிந்ததும் பாட்டுப் பழக்கம். சுதி தப்பியவர்களை அவள் விட்டதில்லை. என் தங்கை ரெஜினா அவளைவிடப் பத்து வயது இளையவள், நல்ல தொண்டை. அவளையே அழ அழ வைத்துத் திருத்துவாள்.

ஆனால் துக்க வீட்டில் மட்டும் அவள் யாரையும் திருத்தியதில்லை. ஒருமுறை ஒரு வீட்டில், செத்தவருடைய தம்பி நன்றாகக் குடித்துவிட்டு வந்து நின்றான். செலின் வாயைத் திறப்பதற்குள் அவனே முதல் அடியை எடுத்துவிட்டான், தென்னை மர உச்சியில் ஏறி நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு சுதியில். செலின் கொஞ்சம்கூடத் தயங்காமல் அதே சுதியில் சேர்ந்தாள். குழுவும் சேர்ந்தது. பாட்டு முடிவதற்குள் பெண்களுக்குத் தொண்டை கிழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து ரெஜினா புலம்பினாள்.

"மைனி, அவனை நிறுத்திட்டு நீங்க முதல்லருந்து எடுத்திருக்கலாம்லா?"

"ஏட்டி, அவனுக்க அண்ணன்லா செத்துக் கெடக்கான். துக்கக்காரன் எந்தச் சுதியில எடுக்கானோ, அதுதான் அன்னைக்குச் சுதி. நாம கூடப் போணும். திருத்தப்பிடாது" என்றாள் செலின்.

நான் ஊரோடு வந்து சேர்ந்த வருஷம், தவக்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. ஒரு சாவு வீட்டில் முதல் அடியில் 'கயிறு' என்ற இடத்தில் அவள் குரல் உடைந்தது. பனி பிடித்திருக்கும் என்றார்கள். கருப்பட்டியும் சுக்கும் மிளகும் போட்டு வீட்டில் நாள் முழுக்கக் கொதித்தது. ஈஸ்டர் போயிற்று, பனியும் போயிற்று, குரல் மட்டும் கரகரத்தபடியே இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜெனி லீவுக்கு வந்தவள், அம்மா தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா, இன்னொரு மடக்கு குடி."

குடித்தாள். கழுத்தின் இடது பக்கத்தில் புன்னைக்காய் அளவில் ஏதோ ஒன்று மேலே ஏறி, கீழே இறங்கியது. ஜெனி என் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் காலை மூன்று பேரும் நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தோம்.

ஆஸ்பத்திரியில் வரிசை நாற்காலிகளில் காத்திருப்பதுதான் பாதி நோய். எனக்குப் பொறுமை கிடையாது; டோக்கன் கூப்பிடும் பெண்ணிடம் போய்ப் போய்ச் சண்டை பிடித்தேன். செலினோ, அடுத்த நாற்காலியில் இருந்தவளுக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டு, எங்கள் ஊரில் ஒரு பையன் இருக்கிறான் என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டாள்.

முதலில் ஸ்கேன். ஜெல்லைத் தடவி, ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து உருட்டுகிறார்கள், அவ்வளவுதான், வலி இல்லை. அடுத்து, மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு இத்துனூண்டு சதையை உறிஞ்சி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் சோதனை. அது எறும்பு கடித்த மாதிரி இருந்தது என்றாள். மூன்றாவதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவை விட்டு, குரல் வருகிற இடத்தைப் பார்ப்பார்கள். 'ஈ' என்று சொல்லச் சொன்னார்கள். டிவியில் நாங்களும் பார்த்தோம். உள்ளே வெள்ளையாய் இரண்டு நாண்கள். வலது பக்கத்து நாண் ஓடி ஓடி வந்தது. இடது பக்கத்து நாண் கொஞ்சம் அசைந்துவிட்டுச் சும்மா இருந்தது.

டாக்டர் சின்ன வயசுப் பெண், பொறுமையானவர். தாளில் படம் வரைந்தே சொன்னார். தைராய்டு என்பது மூச்சுக்குழலின் முன்னால், வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் விரிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி. அதன் முதுகுப் பக்கத்தில் தையல் நூல் கனத்தில் பக்கத்துக்கு ஒன்றாக நரம்பு ஓடுகிறது. அந்த நரம்புதான் குரல் நாணை அசைக்கிறது. செலினுக்கு வந்திருப்பது புற்றுநோய்தான். ஆனால் புற்றுநோய்களில் இது சாதுவான வகை, எடுத்துவிட்டால் நிறைய வருஷம் நன்றாக இருக்கலாம். ஒரே தொந்தரவு, கட்டி இடது நரம்போடு ஒட்டிக் கிடக்கிறது. பிரித்து எடுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டி வரும்.

நான் புற்றுநோய் என்ற வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். அவள் கேட்டது வேறு.

"டாக்டர், எனக்கு மொத அடி எடுக்க முடியுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான்தான் துக்க வீட்டுப் பாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். "நரம்பை வெட்ட வேண்டி வந்தா, பேசலாம்மா. காத்து கலந்த மாதிரி, மெதுவா பேச்சு வரும். போகப் போக அது கொஞ்சம் சரியாகும். பாட்டுக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது செலின் சொன்னாள். "ஆப்பரேசன் வேண்டாம்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? ஒச்ச போனா போட்டு. நீ இருந்தாப் போரும்" என்றேன். எங்கள் பக்கத்தில் குரலுக்கு ஒச்சை என்றுதான் சொல்வோம்.

"ஒச்ச இல்லாம இருந்து நான் என்ன செய்ய?"

"எனக்குச் சோறு போடு."

"உங்களுக்கு வெளங்காது" என்று உள்ளே போய்விட்டாள். உண்மைதான், எனக்குப் பாட்டு விளங்காது. என்னைக் கோவிலில் பாடாதே என்று சின்ன வயதிலேயே சாமியார் சொல்லியிருக்கிறார். ஆனால் அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. அவள் பிடிவாதக்காரி. பாட்டுக்காகச் செத்துப்போகக்கூடியவள். மகள் அழுதாள், சவுதியிலிருந்து மகன் வீடியோ காலில் வந்து கெஞ்சினான், சாமியாரும் வந்து சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் காரியத்தை முடித்தவள் ரெஜினா. மீன் அரிந்துகொண்டிருந்த செலினுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டாள்.

"மைனி, நீங்க செத்தா உங்களுக்கு யாரு மொத அடி எடுப்பா?"

செலினின் கை நின்றது.

"நான் கேக்கது நெசம். எனக்கு எடுக்க அறியாது. எடுத்தா அழுகை வருது. வேற ஒருத்திக்கும் அறியாது. நீங்க யாரையும் பழக்கவும் இல்ல. பாட்டு இல்லாம பெட்டிய மூடவா?"

பக்கத்தில் நின்ற நான் ரெஜினாவை அடிக்கப் போனேன். செலின் அரிவாளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையைக் கழுவினாள். பிறகு, "இவளைப் பழக்கணும். அதுக்கு நான் உசுரோட கெடக்கணும்லா" என்றாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஆபரேஷன் அன்று தள்ளுவண்டியில் போகும்போது அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். குனிந்து கேட்டால், 'கரை வந்து சேர்ந்தேன்' என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "சாவுப் பாட்டை இப்பம் எதுக்குப் பாடுக?" என்று அதட்டினேன். "கடைசியா ஒரு வாட்டி பாடிப் பாத்தேன்" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

வெளியே வந்த டாக்டர் மாஸ்க்கை இறக்கிவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, "கட்டி முழுசா எடுத்தாச்சு." அடுத்த வார்த்தை, "நரம்பைக் காப்பாத்த முடியல." நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன், உடனே அழுதேன். எது எதற்காக என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். நான் உள்ளதைச் சொல்கிறேன்: எனக்கு அந்த நாட்கள் திரும்ப வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் அவளும் வேறு வேலை இல்லாமல், ஒரு கட்டிலும் ஒரு ஸ்டூலுமாகப் பகல் முழுக்க முகம் பார்த்து உட்கார்ந்திருந்தது அங்கேதான். நான் லீவில் வந்தால் விருந்து, கல்யாணம், வீட்டு வேலை என்று நாள் ஓடிவிடும். இங்கே மணி அடித்தால்கூட அவளால் எழுந்து ஓட முடியாது.

குரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், வாயே திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஸ்பூனால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டி வேலை வாங்கினாள். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் நான் வாயை மூட வேண்டும். இரண்டு தட்டுத்தான் அதிகம் கேட்டது. விரலைத் தூக்கினால் நர்ஸைக் கூப்பிட வேண்டும். தைராய்டின் முதுகில் இருக்கும் குட்டிச் சுரப்பிகள் ஆபரேஷனுக்குப் பிறகு சுணங்கிவிட்டால் உடம்பில் கால்சியம் குறையுமாம். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும் என்றிருந்தார்கள். அவளுக்கு அது இரண்டு முறை வந்தது. ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது ஆபரேஷன் நடந்தால், விரல் மரத்தால் பேசாமல் படுத்திருக்காதீர்கள்.

தலையைத் திருப்ப முடியாததால் நான்தான் அவளுக்குத் தலை வாரினேன். ஏசி மெஷினில் ஒயர் பின்னியவனுக்குச் சடை பின்ன வராதா என்று ஆரம்பித்தேன். பக்கத்துக் கட்டில் தங்கம் சிரித்துச் சிரித்துத் தன் தையலைப் பிடித்துக்கொண்டாள். தங்கம் அருமனைப் பக்கம், புருஷன் ரப்பர் வெட்டுகிறவர், நெற்றியில் நாமத்தோடு வருவார். அய்யாவழிக்காரர்கள். தங்கத்துக்கும் கழுத்தில்தான் ஆபரேஷன், ஆனால் அவளுடையது சாதாரணக் கட்டி. மனுஷர் தோட்டத்திலிருந்து செவ்வாழைத் தார் ஒன்றைத் தூக்கிவந்து வார்டு முழுக்கப் பங்கு வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து ரெஜினா பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடும் தூக்குச்சட்டியில் மரச்சீனிக்கிழங்கு மசித்ததும் மீன்கறியும் இருக்கும். செலினுக்குக் கஞ்சித்தண்ணீர்தான். வாசனை பிடித்துக்கொண்டு, தான் சாப்பிடுகிற மாதிரியே நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு மத்தியானம் ரெஜினாவிடமிருந்து போன் வந்தது. எங்கள் தெருவில் வலை பின்னுகிற சூசையண்ணன் தவறிவிட்டார். பெட்டி மூடுகிற நேரம்.

"அண்ணே, மைனியட்ட குடு."

"அவ பேசப்பிடாது. தெரியும்லா உனக்கு?"

"மொத அடி எடுக்க ஆளில்ல. நான் ரெண்டு வாட்டி எடுத்தேன், ரெண்டு வாட்டியும் அழுகை வந்து நின்னு போச்சு. எல்லாரும் என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்காவ."

ரெஜினா கத்திய கத்தலில் செலினுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. ஸ்பூனை எடுத்து டம்ளரைத் தட்டினாள். பிறகு அந்த ஸ்பூனை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

"நானா? போ பிள்ளே. எனக்க ஒச்ச உனக்குத் தெரியும்லா?"

மறுபடியும் நீட்டினாள். நான் கதவைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். நர்ஸ் மருந்து வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "பாடுங்க அண்ணே, செத்த வீட்டுல காத்து நிக்காவல்லா" என்று தங்கம் கரகரத்த குரலில் சொன்னாள். செலினின் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "கரை வந்து சேர்ந்தேன், கயிறு பிடியும் ஆண்டவரே" என்று எடுத்தேன்.

கிணற்றுக்குள்ளிருந்து எருமை கூப்பிட்ட மாதிரி இருந்திருக்கும். போனில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. செத்தோம் என்று நினைத்தேன். அப்புறம் முதலில் ரெஜினா, பின்னால் மொத்தக் குழுவும், நான் விட்ட அதே பாதாளத்தில் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். கீச்சுக் குரல்காரிகள் எல்லாம் உறுமினார்கள். ஆனால் பாட்டு நடந்தது. கடைசி அடிவரை நடந்தது. நான் ஸ்பீக்கரைப் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தேன். செலின் சத்தம் வராமல் சிரித்தாள், தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். நர்ஸ் வந்து இருவரையும் திட்டினார். அன்றைக்கு மாதிரி அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

காயம் ஆறிய பிறகு இன்னொரு சிகிச்சை இருந்தது. உடம்பில் மிச்சம் மீதி ஒளிந்திருக்கிற தைராய்டு அணுக்களை அழிக்கக் கதிர்வீச்சுள்ள அயோடின் மருந்தைக் குடிக்கக் கொடுப்பார்கள். குடித்தவர் உடம்பிலிருந்து கதிர்வீச்சு வரும் என்பதால் சில நாள் தனி அறையில் அடைத்துவிடுவார்கள். சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் கீழே கேன்டீனில் உட்கார்ந்து போனில் பேசுவேன். அதற்குள் பேச அனுமதி கிடைத்திருந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே காற்று கலந்த பேச்சு.

அந்த அறையில் இருந்தபோதுதான் அவள் பாடிப் பார்த்தாள். போன் வந்தது. எடுத்தேன். மூச்சு வாங்கும் சத்தம், பிறகு 'கரை' என்று தொடங்கும் ஏதோ ஒன்று. மெட்டு எங்கோ இருந்தது, குரல் இல்லை. முடித்துவிட்டுக் கேட்டாள்.

"கேட்டியளா?"

"கேட்டேன்."

"எப்படி இருக்கு? நெசத்தச் சொல்லணும்."

பொய் சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அது நடக்காது. "காத்துதான் வருது பிள்ளே" என்றேன். அவள் அழுதது எனக்குக் கேட்டது. ஒரு மாடிதான் இடையில், போய் அவள் தலையைத் தொட முடியவில்லை. டீ ஆறிப்போகும்வரை போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்ததைப் பற்றிக் கவலைப்படாமல் நானும் அழுதேன். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் சொன்னாள். "அப்பம் ரெஜினாதான். ஊருக்கு வந்த அன்னைக்கே தொடங்கணும்."

தொடங்கினாள். தன்னால் பாடிக் காட்ட முடியாததால் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தி, கையாலும் கண்ணாலும் மிரட்டியே ரெஜினாவைப் பழக்கினாள். ரெஜினாவுக்குச் சுதி வந்தது, ஆனால் தைரியம் மட்டும் வரவில்லை. அதற்கும் செலின் ஒரு வழி கண்டுபிடித்தாள். துக்க வீட்டில் பெட்டியின் தலைமாட்டில் செலின் போய் நிற்பாள். நேரம் வந்ததும் வலது ஆள்காட்டி விரலைக் கொஞ்சம் தூக்குவாள், ஆஸ்பத்திரியில் நர்ஸைக் கூப்பிடத் தூக்கிய அதே மாதிரி. ரெஜினா செத்தவரைப் பார்க்கக் கூடாது, அழுகிறவர்களைப் பார்க்கக் கூடாது, அந்த விரலை மட்டும் பார்க்க வேண்டும். விரல் எழுந்ததும் முதல் அடி. அப்படியே பழகிப்போயிற்று. குழு மொத்தமும் தலைமாட்டையே பார்த்து நிற்கும்.

அவள் சந்தோஷமாக இருந்தாளா என்று கேட்டால், இருந்தாள் என்றுதான் சொல்வேன். பலகாரம் சுடப் போனாள், பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டினாள், கிசுகிசுத்த குரலிலேயே என்னை ஏசினாள். வருஷா வருஷம் சோதனைக்குப் போனோம். கழுத்தில் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறீர்கள் என்றார் டாக்டர். தங்கமும் அவள் புருஷனும் ஊர்த் திருவிழாவுக்கு வாழைத்தாரோடு வந்துபோனார்கள். ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்லி, என் பாட்டைத் தங்கம் பாடிக் காட்டினால் தெருவே சிரிக்கும்.

கழுத்தில் வந்ததை ஜெயித்தவளை நெஞ்சு ஏமாற்றிவிட்டது. போன சித்திரையில், காலையில் மீன்காரியிடம் சாளைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவள், "நெஞ்சு அடைக்குது" என்று உட்கார்ந்தாள். குளச்சல் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. இந்தத் தடவை எனக்கு வரிசை நாற்காலியும் இல்லை, டோக்கனும் இல்லை, சண்டை போட ஆளும் இல்லை.

மகன் வந்து சேர்ந்தான். ஜெனி அம்மாவுக்குத் தலை வாரிச் சடை பின்னினாள். கோணலாக இருந்தது, நான் பின்னிய மாதிரியே. சாமியார் ஜெபம் முடித்தார். பெட்டி மூடுகிற நேரம் வந்தது. பாடகர் குழு வரிசையாக நின்றது. பின்னால் தங்கம் நின்றிருந்தாள்.

யாரும் பாடவில்லை.

முதலில் எனக்குப் புரியவில்லை. ரெஜினா அழக்கூட இல்லை. வாயைக் கொஞ்சம் திறந்தபடி, தயாராக, பெட்டியின் தலைமாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழுவில் எல்லாரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமாட்டில் சுவர் மட்டும்தான் இருந்தது. அவர்கள் விரலுக்காகக் காத்திருந்தார்கள். அது எழும்பாது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் பழக்கம் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அது ரெஜினாவுக்கும் உறைத்தது போல. அவள் முகம் அப்படியே உடைந்தது.

ஜனம் நெளிய ஆரம்பித்தது. ஆணி அடிக்கிறவர் பெட்டி மூடியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பாட்டு இல்லாமல் பெட்டியை மூடவா என்று அன்றைக்கு மீன் அரிந்த இடத்தில் ரெஜினா கேட்டது என் காதில் விழுந்தது. நான் எழுந்தேன். ஜெனி கையைப் பிடித்தாள், விடுவித்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போனேன். செலினின் முகத்தைப் பார்த்து, கண்ணை மூடாமல், எனக்குத் தெரிந்த ஒரே சுதியில், "கரை வந்து சேர்ந்தேன், கயிறு பிடியும் ஆண்டவரே" என்று எடுத்துக் கொடுத்தேன்.

ரெஜினா சேர்ந்தாள். மற்றவர்கள் சேர்ந்தார்கள். அத்தனை நல்ல தொண்டைக்காரிகளும் என்னோடு அந்தப் பாதாளத்துக்கே இறங்கி, கடைசி அடிவரை கூடவே வந்தார்கள். ஒருத்தரும் திருத்தவில்லை.